8 மணித் தேர்வுக்கு 4 மணிக்கே கையை எழுப்புங்கள்

ஏப்ரல் 24ஆம் தேதி எஸ்பிஎம் முடிவு, அதாவது மலேசியாவில் படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் அரசுத் தேர்வின் முடிவு, வந்தது. ஒன்பது பாடம் எழுதினேன், ஒன்பதிலும் தேறிவிட்டேன். தமிழில் ஏ, மலாய்மொழியில் ஏ மைனஸ், வரலாற்றில் பி. அந்த பி இன்னும் என்னை உறுத்துகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முடிவுத்தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா முதலில் தாளைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த என் விரல்களைத்தான் பார்த்தார்.

கை மூட்டுகளில் நோயை வைத்துக்கொண்டு இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். படித்ததை விரல் வழியாகத் தாளில் இறக்குவது எப்படி என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

எனக்கு இருப்பது சிறார் முடக்குவாதம். 16 வயதுக்குள் தொடங்கி, வேறு காரணம் தெரியாமல், ஆறு வாரமாவது நீடிக்கும் மூட்டு வீக்கத்துக்கு இந்தப் பெயர் வைக்கிறார்கள். 2020இல் நான் படிவம் ஒன்று, இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு. பள்ளி மூடிக்கிடந்த நேரம். காலையில் விரல் மடங்கவில்லை என்றால், "நாளெல்லாம் கைபேசியப் புடிச்சிக்கிட்டு இருந்தா வேற என்ன ஆகும்?" என்று வீட்டில் திட்டுவார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பள்ளி திறந்து, கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாமல் அழுத பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்து செலாயாங் மருத்துவமனையின் சிறார் மூட்டுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளம் போகும்.

பச்சைத் தண்ணீர் குடித்ததால் வந்தது, தலைக்கு எண்ணெய் வைக்காததால் வந்தது, கத்தரிக்காய் தின்றதால் வந்தது என்று எல்லாம் கேட்டாயிற்று. உங்களுக்கும் சொல்வார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தாக்குவதால் வருவது இது. நீங்கள் செய்த எதனாலும் வரவில்லை. இதை நம்பவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

முன்னோட்டத் தேர்வில் நடந்தது

எல்லாரையும் போல நானும் இரவில்தான் படித்தேன். இரவு பத்து மணிக்கு என் கை நன்றாக இருக்கும். அந்தக் கையை நம்பினேன். எஸ்பிஎம்முக்கு முன் பள்ளியிலேயே வைக்கும் முன்னோட்டத் தேர்வில் வரலாறு இரண்டாம் தாள் காலையில் வந்தது. கட்டுரைப் பகுதியில், கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் 1948இல் அறிவித்த அவசரகாலம் பற்றிய கேள்வி. 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டது எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில்தான். பாடப் புத்தகத்தில் எங்கள் ஊர்ப் பெயர் வரும் இடம். காரணம், அரசின் நடவடிக்கை, புதுக்கிராமங்கள், எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. மூன்று வரி எழுதினேன். சுட்டுவிரல் பேனாவை விட்டுவிட்டது. குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. மணி ஒன்பதரையைத் தாண்டித்தான் விரல் இளகத் தொடங்கியது. அதற்குள் பாதி நேரம் போய்விட்டது.

விடையெல்லாம் தலைக்குள் இருக்க, வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த மத்தியானத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

இந்த நோயில் காலை விறைப்பு என்று ஒன்று உண்டு. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு விடிந்ததும் இறுகி இருக்கும். சிலருக்கு அரை மணி நேரம், சிலருக்கு இரண்டு மணி, மூன்று மணி நேரம். எனக்கு இரண்டரை மணி நேரம். மருத்துவர் ஒவ்வொரு முறையும் "காலையில எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கு?" என்று கேட்பார். ஐந்து வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். தேர்வு காலை 8 மணிக்கு என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் நான் கணக்குப் போட்டதில்லை. நீங்கள் இன்றைக்கே போடுங்கள். உங்கள் விறைப்பு எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். அதோடு ஒன்றரை மணி நேரம் கூட்டி, 8இலிருந்து கழியுங்கள். அதுதான் நீங்கள் எழவேண்டிய நேரம். எனக்கு வந்தது காலை 4 மணி.

அம்மாவின் நேரம்

எங்கள் வீட்டில் 4 மணி புதிது இல்லை. அம்மா ரப்பர் மரம் சீவுகிறவர். சுற்றிலும் செம்பனை ஆகிவிட்டது. எங்கள் பக்கம் மட்டும் ஒரு துண்டு ரப்பர்க் காடு மிஞ்சியிருக்கிறது. வெயில் ஏறிவிட்டால் பால் இறங்காது என்பதால் விடியுமுன்பே தன் மர வரிசைக்கு, நிரைக்குப் போய்விடுவார். குளிரில் மரம் பால் கொடுக்கும், என் கை கொடுக்காது. ஆனால் இரண்டுக்கும் எழுந்திருக்கும் நேரம் ஒன்றாகிவிட்டது.

முன்னோட்டத் தேர்வு முடிந்த வாரமே அம்மாவிடம் சொன்னேன். "ஒனக்கும் சேத்து வெந்நி வைக்கிறேன் பாப்பா, நீ எந்திரிச்சாப் போதும்" என்றார். அன்றிலிருந்து தேர்வு முடியும் வரை ஒரு நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் 4 மணிதான். தேர்வு நாளில் மட்டும் எழுந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உடம்புக்குப் பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

தேர்வு நாள் காலை இப்படித்தான்:

4.00 – விழிப்பு. படுத்தபடியே, போர்வைக்குள் விரல்களை மெதுவாக மடக்கி விரிப்பது. இழுக்கக்கூடாது.
4.15 – பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர். மணிக்கட்டு வரை பத்து நிமிடம். தண்ணீருக்குள்ளேயே ஒரு சிறிய துண்டைப் பிழிவது.
4.30 – இரண்டு ரொட்டி, மைலோ. சாப்பிட்ட பிறகே வலி மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டு ஒரு முறை வயிறு புண்ணாகிவிட்டது.
5.00 – அம்மா கிளம்புவார். நான் ஒரு பக்கம் எழுதுவேன். பாடம் வேண்டாம், கிறுக்கலாக இருந்தாலும் சரி, கை ஓடவேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதக்கூடாது.
5.30 – வாய்விட்டுப் பாடம் சொல்வது.
6.45 – பள்ளி வேன். கையில் கம்பளிக் கையுறை. ஜனவரியில் மழை பெய்த மறுநாள் எங்கள் ஊர் காலை நன்றாகவே குளிரும்.
மண்டப வாசல் வரை கையுறையைக் கழற்றுவதில்லை.

விறைப்புக்குத்தான் வெந்நீர். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ்தான் எனக்குக் கேட்கும். வலி மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டுத்தான் மாற்றினேன். நீங்களாக மாற்றாதீர்கள்.

"எனக்கு இரவில்தான் மண்டையில் ஏறும்" என்று சிலர் சொல்வார்கள். ஏறட்டும். தேர்வு மண்டைக்கு மட்டும் இல்லையே. இதில் நான் யாரோடும் சமாதானமாகப் போகத் தயாராக இல்லை.

கையை மிச்சம் பிடிப்பது

"எழுதி எழுதிப் பார்" என்பதுதான் எல்லா ஆசிரியர்களும் சொல்வது. எனக்கு அது நஞ்சு. ஒரு நாளில் என் கையில் இருப்பது நான்கைந்து பக்கம். அதைக் குறிப்பெடுப்பதில் செலவழித்தால் தேர்வுப் பயிற்சிக்கு மிஞ்சாது. அதனால் வாயால் படித்தேன். விடையைச் சொல்லிக் கைபேசியில் பதிந்துகொள்வேன், செலாயாங் போகும் பேருந்தில் கேட்பேன். வாரத்துக்கு ஒரே ஒரு முழுத்தாள் மட்டும் கையால் எழுதினேன், ஞாயிறு காலை சரியாக 8 மணிக்கு. ஏன் ஞாயிறு என்றால், இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை வெள்ளி இரவு போடுகிறேன். சனிக்கிழமை முழுக்கக் குமட்டல். ஞாயிறு காலைக்குள் தெளிந்துவிடும்.

அந்த மருந்து வாரத்துக்கு ஒரு முறைதான். தினமும் போடுவது ஆபத்து. படிவம் நான்கு இறுதித் தேர்வின்போது குமட்டலுக்குப் பயந்து யாருக்கும் சொல்லாமல் இரண்டு வாரம் விட்டுவிட்டேன். அடுத்த மாதம் இரண்டு மணிக்கட்டும் வீங்கி, சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட வேண்டியதாயிற்று. தேர்வுக்காக மருந்தை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கண் பரிசோதனையையும் விடாதீர்கள். இந்த நோய் வலியே இல்லாமல் கண்ணுக்குள்ளும் அழற்சி உண்டாக்கும்.

பேனா விஷயம்:

- அழுத்தி எழுதவேண்டிய பால்பாயிண்ட் வேண்டாம். ஜெல் பேனா தானாக ஓடும்.
- பூப்பந்து மட்டையின் பிடிக்குச் சுற்றும் நாடாவைப் பேனாவில் மூன்று சுற்று சுற்றுங்கள். பருத்த பேனாவை இறுக்கிப் பிடிக்கவேண்டியதில்லை. ஒரே மாதிரி நான்கு பேனா தயாராக இருக்கட்டும்.
- சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைச் செருகி எழுதிப் பழகுங்கள். சிகிச்சைப் பிரிவில் ஓர் அக்கா காட்டிக்கொடுத்தது. முதல் இரண்டு வாரம் எழுத்து கோணும், பிறகு நேராகிவிடும். கட்டைவிரலுக்கு இது பெரிய விடுதலை.
- 2பி பென்சிலைக் கூராகச் சீவாதீர்கள். மொண்ணை முனையில் இரண்டு இழுப்பில் வட்டம் கறுத்துவிடும். 40 கேள்விக்கு 40 வட்டம் என்பது சின்ன வேலை இல்லை.
- ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் பேனாவைக் கீழே வையுங்கள். இருபது எண்ணும் வரை கையை மடியில் போடுங்கள். நேரம் வீணாகிறது என்று தோன்றும். விடாமல் எழுதினால்தான் கடைசி அரை மணி நேரம் வீணாகும்.

தமிழ்த் தாளுக்கு ஒரு தனிச் சொல். நம் எழுத்துகளில் வளைவு அதிகம். ஒரு ண எழுத எத்தனை சுழி, ஒரு ஞ எழுத எத்தனை திருப்பம்! ஒரே கருத்தை மலாயில் எழுதும்போது என் கை அவ்வளவு நோவதில்லை. "இதற்குக் காரணம் என்னவென்றால்", "என்பதை நாம் அனைவரும் அறிவோம்" போன்ற தொடர்களை எல்லாம் என் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் விரல் விலை கொடுக்கிறது, அதனால் வேலை செய்யாத சொல்லை உள்ளே விடவில்லை. என் தமிழ் டீச்சர் படித்துவிட்டு, "இப்பத்தான் உன் கட்டுரை நிமிர்ந்து நிக்குது" என்றார். அந்த ஏ அதனால் வந்தது என்றே நம்புகிறேன்.

தமிழ் இலக்கியத்தை மட்டும் நான் எடுக்கவில்லை. பத்தாவது பாடத்தைக் கை தாங்காது என்று முடிவு செய்தேன். அந்த டீச்சர் கட்டாயப்படுத்தவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிவு சரிதான். வருத்தம் இருக்கிறது.

பையிலேயே இருந்த கடிதம்

இப்போது அந்த பி.

கையால் வேகமாக எழுத முடியாதவர்கள் சிறப்புத் தேவையுடைய மாணவராகக் கூடுதல் நேரம் கேட்கலாம். பள்ளி வழியாக, மருத்துவர் கடிதத்தோடு, தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். படிவம் ஐந்து தொடங்குமுன்பே மருத்துவர் எனக்குக் கடிதம் எழுதிக்கொடுத்துவிட்டார். நான் அதைப் பள்ளியில் கொடுக்கவில்லை. "கை நல்லாத்தானே இருக்கு" என்று வகுப்பில் ஒருவன் சொன்னது மனதில் இருந்தது. தனி அறையில் உட்கார வைப்பார்கள், எல்லாரும் பார்ப்பார்கள் என்ற பயம். ஓகேயு, அதாவது மாற்றுத்திறனாளி, என்ற சொல் வீட்டுக்குள் வந்தால் அப்பா உடைந்துவிடுவார் என்ற பயம். கடிதம் பையின் உள்ளறையில் மடிந்தே கிடந்தது. முன்னோட்டத் தேர்வுக்குப் பிறகு அழுதுகொண்டே எடுத்துக்கொண்டு போனேன். விண்ணப்ப நாள் எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள்.

உண்மைத் தேர்வில் வரலாறு இரண்டாம் தாளுக்கு என் கை நன்றாகவே வந்தது. 4 மணி எழுச்சி அந்த அளவுக்குக் காப்பாற்றியது. இரண்டு கட்டுரை முடித்தேன். மூன்றாவதில் நான்கு வரி எழுதும்போது நேரம் முடிந்தது. இன்னும் இருபது நிமிடம் இருந்திருந்தால் முடித்திருப்பேன். அந்த இருபது நிமிடமும் மிச்சமும் என் பையில் மடித்து வைத்திருந்தேன்.

அதனால்:

- கடிதத்தை மருத்துவர் கொடுத்த வாரமே கொடுங்கள்.
- "மூட்டு நோய்" என்று மட்டும் இருந்தால் போதாது. எவ்வளவு நேரம் எழுத முடியும், காலையில் எப்படி இருக்கும் என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள்.
- மூன்று நகல் எடுங்கள். கொடுத்த தேதியைக் குறித்துவையுங்கள்.
- வகுப்பாசிரியர், ஆலோசக ஆசிரியர் இருவருக்கும் கொடுங்கள். ஒருவர் மாற்றலாகிப் போகலாம்.
- சமூகநல இலாகாவின் ஓகேயு அட்டை தனி, தேர்வுக்கான இந்த விண்ணப்பம் தனி. ஒன்றுக்காகக் காத்திருந்து மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அப்பாவிடம் கடைசியில் சொன்னபோது அவர் உடையவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார்.

பொங்கல் இந்த முறை தேர்வுக்கு நடுவில் வந்தது. வாசலில் கோலம் எப்போதும் நான்தான் போடுவேன். அம்மா கோலமாவு டப்பாவை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

படிவம் ஆறுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதன் தேர்வான எஸ்டிபிஎம் மூன்று தவணை, எழுத்து இதைவிட அதிகம். அடுத்த வாரம் செலாயாங்கில் சந்திப்பு இருக்கிறது. 18 வயதாகிவிட்டதால் இனி ஈப்போவில் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். மாறுவதற்கு முன்பு புதுக் கடிதம் கேட்டு வாங்கவேண்டும். இந்த முறை அப்பா கூட வருகிறார். கடிதத்தை அவரே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.