ஆர்டி 350: வலது சிலிண்டர் தூங்கிய மூன்று ஞாயிறுகள்

ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டி ஒற்றைச் சிலிண்டருக்குப் போய்விடுகிறது. சிக்னலில் நின்றால் ஹேண்டில்பார் முதல் நம்பர் பிளேட் வரை எல்லாம் நடுங்குகிறது. பச்சை விழுந்து முறுக்கினால், 3000 ஆர்பிஎம் தாண்டியதும் தூங்கிய சிலிண்டர் விழித்துக்கொள்கிறது. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலப் பறக்கிறது. 1987 மாடல், லோ டார்க் (வேகத்தைக் குறைத்து மைலேஜைக் கூட்டிய வகை). இரண்டு வருடம் கவர் போட்டு நின்ற வண்டி. பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றி உதைத்ததில் ஏழாவது கிக்கில் பிடித்தது. அந்தச் சந்தோஷம் தெருமுனை வரைதான்.

இந்த வண்டியைத் தெரியாதவர்களுக்கு: 1983 முதல் ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த 347 சிசி டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். சிலிண்டர் இரண்டு, கார்பரேட்டர் இரண்டு, பிளக்கில் பொறி விழும் நேரத்தை முடிவு செய்யும் பாயிண்ட் இரண்டு செட், அந்தப் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் இரண்டு. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும். எல்லாமே இரண்டிரண்டு என்பதால் செலவும் இரட்டிப்பு என்பாள் என் மனைவி. ஆனால் குறை கண்டுபிடிக்க அதுவே வசதி. சந்தேகப்படும் சாமானை இடதும் வலதுமாக மாற்றிப் போட வேண்டியது. குறையும் கூடவே இடம் மாறினால் திருடன் அதுதான்.

முதல் ஞாயிறு, எந்தப் பக்கம் என்று பார்த்தேன். இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, சைலன்சர் பெண்ட் பைப் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். இடது பைப்பில் 'சுர்' என்று ஆவியானது. வலது பைப்பில் விட்ட சொட்டு முத்து மாதிரி உட்கார்ந்திருந்தது. இடது பிளக் கேப்பைக் கழற்றினால் இன்ஜின் உடனே நின்றது. வலது கேப்பைக் கழற்றினால் அதற்கு அந்தச் செய்தியே எட்டவில்லை. (கழற்றிய கேப்பில் வேறொரு பிளக்கைச் செருகி, அதை இன்ஜின் ஃபின்னில் படும்படி வைக்க வேண்டும். சும்மா தொங்கவிட்டால் காயிலுக்குக் கேடு. கைக்கும்தான், ஒருமுறை ஷாக் வாங்கிவிட்டேன்.)

வலது பிளக்கைக் கழற்றினால் கன்னங்கரேல் என்று ஈரமாக இருந்தது. பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பெட்ரோல் ஓவரா இறங்குது தம்பி, ஃப்ளோட்டைப் பாரு" என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன், அவரைக் குறை சொல்ல முடியாது. கார்பரேட்டருக்குள் மிதக்கும் ஃப்ளோட்டின் நாக்கைத் துளி வளைத்து பெட்ரோல் மட்டத்தைக் குறைத்தேன். மாற்றமே இல்லை. பிளக்குகளை மாற்றிப் போட்டேன், காயில்களை மாற்றிப் போட்டேன். குறை வலதை விட்டு நகரவில்லை.

இரண்டாம் ஞாயிறு பாயிண்ட், கம்ப்ரஷன். வலது பாயிண்ட் இடைவெளி 0.25 மி.மீ. இருந்தது, தேய்த்துச் சுத்தம் செய்து 0.35 வைத்தேன். டைமிங்கும் சரிபார்த்தாயிற்று. கம்ப்ரஷன் இடது 116, வலது 112 பிஎஸ்ஐ. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆர்பிஎம் ஏறியதும் நன்றாக ஓடுகிற சிலிண்டருக்குக் கம்ப்ரஷன் போயிருக்க வாய்ப்பு குறைவு என்று முதலிலேயே யோசித்திருந்தால், கேஜ் இரவல் வாங்க அலைந்த அரை நாள் மிச்சம்.

மூன்றாம் ஞாயிறு காலை, ஈரமான அந்தப் பிளக்கை எதற்கோ மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாசனையே இல்லை. வெறும் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்). விரலில் தேய்த்தால் வழவழவென்று இருக்கிறது, காய மறுக்கிறது. பெட்ரோல் என்றால் ஊதினாலே காய்ந்துவிடும்.

இந்த வண்டியில் ஆயிலைப் பெட்ரோலில் கலப்பதில்லை. தனி பம்ப் இருக்கிறது. சிலிண்டர் எரிகிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, இன்ஜின் சுற்றினால் ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத சிலிண்டரில் அந்த ஆயில் தேங்கி பிளக்கை நனைக்கிறது. பெட்ரோல் அதிகமாகி நனையவில்லை. பெட்ரோல் வராமலே நனைந்திருக்கிறது! நான் இரண்டு வாரமாக எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். முதல் வேலையாக ஃப்ளோட்டைப் பழையபடி வைத்தேன்.

அடுத்து, ஐடிலில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூ. இடதில் கால் சுற்று திருப்பினாலே சத்தம் மாறுகிறது. வலதில் முழுக்க மூடினாலும், மூன்று சுற்று திறந்தாலும் ஒரே சத்தம். ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பாதையான பைலட் சர்க்யூட்டில் ஒன்றுமே ஓடவில்லை. ஆனால் அந்தப் பாதைக்குப் பெட்ரோலை அளந்துவிடும் பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஊசிமுனையாகத் தெளிவாகத் தெரிகிறது. ஜெட்டுகளையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வலதுதான் மீண்டும் தூங்கியது. ஜெட் நிரபராதி. அப்படியானால் ஜெட்டுக்கு அப்பால் பாதையில்தான் அடைப்பு.

கார்பரேட்டர் தொண்டையில், ஆக்ஸிலேட்டரைத் திருப்பினால் மேலேறும் ஸ்லைடு இறங்கி உட்காரும் இடத்தின் அடியிலும் அதை ஒட்டி இன்ஜின் பக்கத்திலும் கடுகை விடச் சிறிய இரண்டு துளைகள் இருக்கும். ஐடிலுக்கான பெட்ரோல் அங்கேதான் வெளிவரும். முதலில் இடது கார்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தத் துளையில் கார்ப் கிளீனரை அடித்தேன். தொண்டையின் இரு துளைகளிலிருந்தும் இரண்டு மெல்லிய பீச்சல் கிளம்பி எதிர்ச்சுவரில் பட்டது. வலதில் அடித்தேன், ஒன்றில் மட்டும் லேசாகக் கசிந்தது, மற்றது வறண்டு கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் துளை வாயில் பச்சை கலந்த பழுப்புப் பிசின். இரண்டு வருடப் பெட்ரோல் காய்ந்து உறைந்தது. கிளீனரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியால் மெதுவாகக் குத்தினேன். (இரும்புக் கம்பி வேண்டாம். துளை அகன்றால் கார்பரேட்டர் அவ்வளவுதான்.) மூன்றாவது குத்தில் 'பொசுக்' என்று உள்ளே போனது. ஏர் அடித்து மாட்டினேன்.

கிக்கரை உதைத்ததும் வண்டி 2500-ல் நின்று அலறியது. காரணம் நானேதான். வலது தூங்கியபோது வண்டி அணையாமல் இருக்க ஐடில் ஸ்க்ரூக்களை ஏற்றி ஏற்றி வைத்திருந்தேன். இப்போது இரண்டு பேரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். ஸ்க்ரூக்களை முழுக்கத் தளர்த்தி ஸ்லைடுகளைத் தரைக்கு இறக்கினேன். ஏர் ஃபில்டர் பக்கமிருந்து 2 மி.மீ. டிரில் பிட்டின் மழுங்கிய முனையை ஸ்லைடுக்கு அடியில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கும் வரை ஏற்றினேன். பிறகு ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருப்பும்போது இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் கிளம்புகிறதா என்று இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். வலது ஒரு மயிரிழை முந்தியது. கேபிள் அட்ஜஸ்டரில் அரைச் சுற்று. கேபிளைத் தொட்டுவிட்டால் ஆயில் பம்ப் கப்பியின் குறியும் சேர்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் போதாமல் பிஸ்டன் சிலிண்டரில் சிக்கி சீஸ் ஆகும். ஏர் ஸ்க்ரூ இரண்டும் ஒன்றரைச் சுற்று. ஐடில் 1300.

தண்ணீர்ச் சொட்டு இப்போது இரண்டு பைப்பிலும் 'சுர்'.

ஆனால் எட்டு கிலோமீட்டர் ஓட்டி சூடேறிய பிறகு, ஆக்ஸிலேட்டரை விட்டால் ஆர்பிஎம் உடனே இறங்காமல் இரண்டு மூன்று நொடி தொங்குகிறது. எங்கோ கள்ளக்காற்று இழுக்கிறது. இடது பக்கம் மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் ஆயில் சீல் மேல் சந்தேகம். எக்ஸாஸ்டையும் இன்டேக்கையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சிறிய கேஜ் வேண்டுமே என்று தேடியபோது அம்மாவின் பழைய பிபி மிஷின் கண்ணில் பட்டது. அதில் முள் 300 மி.மீ. பாதரசத்தோடு முடிகிறது, 6 பிஎஸ்ஐ என்றால் 310. ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.