டாம் வில்ஸ்

ஆஸ்திரேலிய ஃபுட்பால் (நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை, அந்த நாட்டுக்கே உரிய தனி ஆட்டம்) பற்றிப் பேசினால் டாம் வில்ஸை விட்டுவிட முடியாது. 1835-இல் பிறந்தவர், இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் படித்தவர், அருமையான கிரிக்கெட் வீரர். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் சோம்பிக் கிடக்காமல் ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கலாமே என்று 1858-இல் மெல்பர்ன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறுவருடம் மே மாதம் நண்பர்களுடன் உட்கார்ந்து விதிகளையும் எழுதினார். ஆட்டம் பிறந்த கதை இவ்வளவுதான்.

ஆனால் என்னை உலுக்குவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். 1861-இல் குவின்ஸ்லாந்தில் அவருடைய அப்பா உட்பட 19 பேரைப் பழங்குடியினர் கொன்றார்கள். பொருட்கள் வாங்க வெளியே போயிருந்ததால் டாம் தப்பினார். பழிவாங்குகிறோம் என்று வெள்ளையர்கள் கொன்று குவித்த பழங்குடியினர் அதைவிடப் பல மடங்கு. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐந்தே வருடத்தில், 1866-இல், அதே டாம் விக்டோரியாவின் பழங்குடி கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் அவர்களுக்குக் கேப்டனாகவும் இறங்கினார். சிறுவயதில் பழங்குடிப் பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் மொழியைப் பேசி வளர்ந்தவர் அவர். எப்படி முடிந்தது அவரால்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

குடி அவரை மெல்ல மெல்லத் தின்றது. 1880-இல், 44 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.