தேநீர் வைத்த இடம்

பள்ளி மலருக்கு எழுதக் கேட்டதும் விளையாட்டுப் போட்டிதான் ஞாபகம் வந்தது. அணிநடையில் எந்த இல்லம் முன்னே போவது என்று இரண்டு தலைவர்கள் முறைத்துக்கொண்டு நிற்க, அதிபர் இருவரையும் அருகருகே நடக்கவிட்டாரே, அந்த நாள். அங்கிருந்து நினைவு நேரே வட ஆப்கானிஸ்தானின் மசார்-இ-ஷரிஃபுக்குப் போய்விட்டது.

2003இல் அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பார்த்தேன். ஊர் இரண்டு தளபதிகளுக்கிடையில் கிழிபட்டுக் கிடந்தது: உஸ்பெக்கியரான தோஸ்தம், தாஜிக்கியரான அத்தா. எங்கள் சாரதியின் சட்டைப்பையில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று தோஸ்தம், மற்றது அத்தாவின் ஆட்கள் கொண்டாடும், 2001இல் கொல்லப்பட்ட தாஜிக்கியத் தளபதி மசூத். வருகிற சோதனைச்சாவடிக்கு ஏற்ற படம் முன்கண்ணாடியில் ஏறும். ஒருநாள் மாற்றி வைத்துவிட்டார். நல்லகாலம், காவலுக்கு நின்ற பையன் தூக்கக் கலக்கத்தில் இருந்தான்.

அங்கே எனக்குப் பழக்கமானவர் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, முன்பு சிறப்புப் படையில் இருந்தவர். ஆறு பேரும் இரண்டு லேண்ட் ரோவரும்தான் அவருடைய படை. அதற்கு முன்பு, தாலிபானை விரட்ட 2001 அக்டோபரில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் பன்னிரண்டு பேர் தோஸ்தமிடம் வந்து இறங்கிக் குதிரையேறினார்கள். அத்தாவிடமும் தனியாக ஒரு குழு போனது. நவம்பரில் இரு தரப்பும் மசாரைப் பிடித்தன. தாலிபான் போனதும் பழைய பகை திரும்பிவிட்டது. “குதிரையேறுவது சுலபம். இவர்களை ஒரே கம்பளத்தில் உட்காரவைப்பதுதான் பாடு” என்பார் அந்த அதிகாரி.

ஒரு கிராமத்தில் இரு தரப்புச் சின்னத் தளபதிகளுக்குள் தகராறு. சாலையில் வரி யார் வாங்குவது என்பதுதான் விஷயம். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகமாட்டாராம். அதிகாரி பாதி வழியில் வண்டியை நிறுத்தி, நடுச்சாலையில் கம்பளம் விரித்து, பச்சைத் தேநீரும் சர்க்கரை பூசிய பாதாமும் வைத்துவிட்டுக் காத்திருந்தார். மூன்று மணி நேரம் யாரும் அசையவில்லை. கடைசியில் ஒரு தளபதியின் மாமனார், கிழவர், கால் வலிக்கிறது என்று வந்து குந்தி, தேநீர் ஊற்றச் சொன்னார். மாமனார் குடிக்கும்போது மருமகன் தள்ளி நிற்க முடியுமா? அவர் வர, மற்றவரும் வந்தார்.

பெரிய தளபதிகள் இருவரிடமும் இந்த வித்தை எடுபடவில்லை. 2003 அக்டோபரில் அவர்களுடைய ஆட்கள் மசாருக்கு மேற்கே டாங்கிகளோடு மோதினார்கள். ஐ.நா.வும் பிரிட்டிஷாரும் இடையில் புகுந்தார்கள். காபூலிலிருந்து உள்துறை அமைச்சர் ஜலாலியும் வந்தார். அப்புறம்தான் போர்நிறுத்தம். ஒப்பந்தம் ஆன மறுநாள் சாரதியிடம், “இனிப் படங்கள் எதற்கு?” என்றேன். சிரித்துவிட்டுச் சட்டைப்பைப் பொத்தானைப் பூட்டினார்.

2021 ஆகஸ்டில் மசார் தாலிபானிடம் விழுந்த இரவு, அத்தாவும் தோஸ்தமும் சேர்ந்தே உஸ்பெகிஸ்தானுக்குத் தப்பியதைச் செய்தியில் பார்த்தேன். அந்தப் படங்களைச் சாரதி எங்கே ஒளித்தாரோ.