கடைசி மணி வழக்கு

நம் தமிழய்யா போய்விட்டார் என்று மார்கழியில் தகவல் வந்தது. அன்று எனக்குக் காலை முதல் மாலை வரை நீதிமன்றத்தில் வேலை. 2026 அக்டோபர் 11 வந்தால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிறந்து 200 ஆண்டு. அந்தத் தேதியை எந்த வருஷமும் மறக்காதவர், இருநூறாவதைப் பார்க்க இல்லை.

1986, பிளஸ் டூ. வெள்ளிக்கிழமை கடைசி மணி, வேப்பமரத்தடி. அந்த வாரம் தமிழ் மன்றத்தில் மாதிரி வழக்கு. வரப்புத் தகராறு. நம் தோட்டக்காரரைத்தான் வாதியாக நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார் அய்யா. நான் அவருடைய வக்கீல். இரண்டு ராத்திரி கண்விழித்து மனப்பாடம் செய்த இங்கிலீஷில் பத்து நிமிஷம் பொழிந்தேன். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு அய்யா தோட்டக்காரர் பக்கம் திரும்பினார்.

"உங்க வக்கீல் என்ன சொன்னாருங்க?"

அவர் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என்னப் பத்தித்தான் ஏதோ பேசுறாருன்னு தெரிஞ்சுது அய்யா. நல்லதா கெட்டதான்னு தெரியல."

ஒருவரும் சிரிக்கவில்லை. அய்யா என்னைத் திட்டவில்லை, உட்காரச் சொல்லவுமில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். எல்லோரும் கலைந்த பிறகு, சிவப்பு நூலால் தைத்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என் கைக்கு வந்தது. அடையாளத்துக்கு ஒரு காய்ந்த வேப்பிலை. தமிழ் வழங்கும் ஊர்க் கோர்ட்டில் தமிழ் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதாடுவது என்ன நியாயம் என்று பிள்ளை கேட்கும் பக்கம் அது.

அதன் பிறகுதான் அந்த மனிதரைத் தேடிப் படித்தேன். திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளர், பிறகு மொழிபெயர்ப்பாளர், 1857-இல் தரங்கம்பாடி முன்சீப். சீர்காழியில் இருந்து, நம் மாயவரத்துக்கு வந்து, 1872-இல் வேலையை விட்டார். பஞ்ச காலத்தில் கைப்பொருளைக் கொடுத்துப் பசியாற்றியவர் என்று கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் பாடினார். நாவல் வந்தது 1879-இல். தமிழின் முதல் நாவல் என்று பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினோம். அய்யா அழுத்திச் சொன்னது வேறு: 1805 முதல் 1861 வரையிலான மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862-இலேயே அச்சிட்டவர் அவர். "சட்டம் படிக்கிறவனுக்கு அது, படிக்காதவனுக்குக் கதை. ரெண்டும் ஒரே வேலைதான்டா" என்பார். எத்தனையோ ஆராய்ச்சி நூல் புரட்டிவிட்டேன். முன்சீப் பேனாவை வைத்துவிட்டு ஏன் கதாசிரியர் பேனாவை எடுத்தார் என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் படித்து நம் ஊர் கோர்ட்டிலேயே தமிழில் வாதாடு என்றார். படிக்கிறேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். வீட்டு நிலைமை என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. இங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன் ஆனேன். கடிதத்தில் சொன்னபோது, "பிள்ளைவாள் ஏறின படியில் நிற்கிறாய்" என்று பதில் எழுதினார். சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தார். அடுத்த படிக்கு நான் ஏறவில்லை. புத்தகமும் என்னிடமே இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டியில் வைப்பேன், கொடுக்க மனம் வராமல் திரும்பக் கொண்டுவருவேன். போன முறை அய்யாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. தடவிப் பார்த்து, "நூல் இன்னும் தாங்குதா?" என்று கேட்டார். அப்போதாவது அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன்.

தகவல் வந்த அன்று சாட்சிக் கூண்டில் நம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அவர் சொன்னதை இங்கிலீஷில் சொன்னேன், வக்கீல் கேட்டதைத் தமிழில் கேட்டேன். நடுவில் பேச்சை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, பேச்சு நம்ம பக்கமா இருக்கே. மாயவரமா?"

சாட்சியோடு மொழிபெயர்ப்பாளன் தனிப்பேச்சுப் பேசக்கூடாது. கூண்டிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் நீதிபதிக்குச் சொல்லியாக வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், நீதிபதி பக்கம் திரும்பி, சாட்சி என் ஊர் மாயவரமா என்று கேட்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன்.