தோ பாயோவில் ஒரு மங்குத் தூக்கு

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “என்னக்கா, வீடு மாத்துறீங்களா?”

பெரியம்மா மகள், சிங்கப்பூரில் தோ பாயோவில் நாலறை வீவக வீடு (அரசு கட்டிய அடுக்குமாடி). கூடத்தில் பழைய கோப்பிக்கடை மரநாற்காலிகள் நான்கு, நான்கும் நாலு விதம். நடுவில் தையல் மெஷின் காலுக்கு மேல் கண்ணாடி போட்ட மேசை. சுவரில் ஓடாத ஊசல் கடிகாரம், பக்கத்திலேயே ஓடுகிற பிளாஸ்டிக் கடிகாரம் (நேரம் பார்க்க ஒன்று வேண்டுமே). பச்சைப் பூப்போட்ட தடித்த கோப்பைகளில் சாவி, மாத்திரை, ரப்பர் பேண்ட். அத்தான் மூலையில் ஒரு சாதாரண சோபாவில் உட்கார்ந்திருந்தார். “இது மட்டும்தான் என்னுது” என்றார்.

கண் பழக இரண்டு நாள் ஆனது. அப்புறம்தான் கவனித்தேன், ஒன்றோடொன்று சேராத சாமான்களுக்கு நடுவே ஒரு கரும்பச்சை மட்டும் எங்காவது எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, நாற்காலி மெத்தையில், படச் சட்டத்தில், விளக்கு மூடியில். சுவர் முழுக்க வெள்ளை. அக்காவுக்கு ஒரே சட்டம், வீட்டுக்குள் வரும் பொருள் ஏதாவது வேலை செய்ய வேண்டும். கடிகாரத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன். அதற்குள்தான் கரண்ட் பில் வைக்கிறாளாம்.

அதில் பாதி சுங்கை ரோட்டில் வாங்கியது. 1930களில் தொடங்கிய தெருச் சந்தை, திருட்டுச் சந்தை என்று பட்டப்பெயர், 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். நான் பார்க்க ஆசைப்பட்டதால் கூட்டிப்போனாள், பார்க்க ஒன்றுமில்லை. “இங்கதான் ஒரு தாத்தா தார்ப்பாய் விரிச்சு ஒத்தைச் செருப்பு விப்பார்” என்று வெறுந்தரையைக் காட்டினாள்.

அங்கிருந்து ஜாலான் புசார் பக்கம் இருக்கும் பெட்டேன் ரோடுக்கு நடந்தோம். வரிசை வீடுகள், தூண்களிலும் சுவரிலும் பூப்போட்ட டைல்கள். பெரானாக்கான் (சீன-மலாய் கலப்பு மரபினர்) டைல் என்று இங்கே பெயர், ஆனால் இந்த வகை டைல்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் ஜப்பானிலும் செய்து கப்பலில் வந்தவை. நான் தேவகோட்டைக்காரி. ஜப்பான் டைல் ஒட்டிய செட்டிநாட்டு வீடுகளில் முதுகு சாய்த்து விளையாடியவள். அதே ரோஜாப்பூவை ஜாலான் புசார் பக்கம் பார்த்ததும் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தில் ஒரு செட்டிநாட்டு நிலைக்கதவே நிற்கிறது, ஐயாயிரம் நுண்ணிய செதுக்கல்களோடு. அக்கா கூடத்தைப் பார்த்து நான் கலவை என்று சிரித்தேனே, எங்கள் ஊர் வீடுகளே பர்மாத் தேக்கும் ஜப்பான் டைலுமாகத்தான் நிற்கின்றன.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு கடையில் மூன்றடுக்கு எனாமல் தூக்கு பார்த்தேன், எங்கள் பக்கம் மங்குச் சாமான் என்போமே, அது. ஓரத்தில் துரு, மூடியில் மங்கிய பூ. “ரொம்பப் பழசு” என்று கடைக்காரர் சொன்னதை நம்பி 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தால் துரு துணியோடு வந்துவிட்டது! அடித்த பெயிண்ட். அக்கா சிரித்து முடித்துவிட்டுத் தன்னுடைய பழைய தூக்கை எடுத்துக் காட்டினாள். எனாமல் தெறித்த இடம் கறுத்துப்போய்க் கிடந்தது, கைப்பிடி மாட்டும் இடம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. இதையெல்லாம் வாங்கும்முன் சொல்ல வேண்டாமா? மரச்சாமான் என்றால் தட்டிப் பார்க்க வேண்டுமாம், பூச்சி அரித்த மாவு கொட்டினால் திரும்பியே பார்க்கக் கூடாதாம். அதையும் அப்போதுதான் சொன்னாள்.

மறுநாள் அவளுக்கும் ஒன்று நடந்தது, எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஹோட்டல்கள் கழித்துவிடும் சாமான்களை விற்கும் ஒரு கிடங்கில் சலவைக்கல் போட்ட வட்ட மேசை வாங்கினாள். அளவு எடுத்தாள், கூடத்துக்கு எடுத்தாள், கதவுக்கு எடுக்கவில்லை. அது நுழையவே இல்லை. நடைபாதையில் விட்டு வைக்கலாம் என்றால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. கடைசியில் கல்லைத் தனியே கழற்றி அத்தானும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணனும் முக்கி முனகி உள்ளே கொண்டுவந்தார்கள். இடம்? அத்தான் சோபா இருந்த மூலைதான்.

அன்று இரவு அம்மாவுக்கு வீடியோ காலில் அக்காவின் தூக்கைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

“இது நம்ம பரண்ல மூணு கிடந்துச்சேடி.”

“எங்கம்மா இப்போ?”

“போன பொங்கலுக்குப் பேரீச்சம்பழக்காரன்கிட்ட போட்டேன். நீதான குப்பையத் தூக்கிப் போடுன்னு சொன்ன?”