ஃபோர்க் ரெப்போவில் தானியங்கி பில்டுகளைப் பராமரிப்பது

ஒரு திறமூல மென்பொருளின் ரெப்போவை (நிரல் வைக்கப்படும் களஞ்சியம்) ஃபோர்க் செய்து, அதாவது நம் கணக்கில் தனிப் பிரதியாக எடுத்து, நமக்கு வேண்டிய சில திருத்தங்களை அதில் சேர்த்துக்கொள்வது எளிது. அந்தத் திருத்தங்களோடு கூடிய பைனரி (இயக்கத் தயாரான கோப்பு) நிரலிலிருந்து தானாக பில்ட் ஆகவும், பிறர் அதை நம்பித் தரவிறக்கவும் வழிசெய்து, அப்ஸ்ட்ரீம் (மூலத் திட்டம்) மாறும்போதெல்லாம் கூடவே மாறிக்கொண்டு மாதக்கணக்கில் அதை நடத்துவது வேறு வேலை. கிட்ஹப்பில் இத்தகைய ஃபோர்க்குகளைப் பராமரித்து வருவதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: வொர்க்ஃப்ளோ கோப்புகள் (தானியங்கி வேலைகளின் படிகளைச் சொல்பவை) ஃபோர்க்கோடு வந்துவிடும், ஆனால் அவற்றைச் சரியாக இயங்க வைத்த சூழல் வராது, எனவே நம் ரெப்போவிலிருந்து வெளியாகும் ஒவ்வொரு ஆர்டிஃபாக்டும் (பில்ட் தரும் கோப்பு) யாருடையது, எந்தக் கமிட்டிலிருந்து (நிரலில் பதிவு செய்த மாற்றம்) உருவானது என்பதை நாமே புதிதாக நிலைநாட்ட வேண்டும்.

ஃபோர்க் செய்தவுடன் வொர்க்ஃப்ளோக்களை இயக்கும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் அணைந்தே இருக்கும். ஆக்ஷன்ஸ் பக்கத்துக்குச் சென்று, இந்த வொர்க்ஃப்ளோக்கள் என்ன செய்கின்றன என்பது எனக்குப் புரிகிறது என்று ஒப்புக்கொண்ட பிறகே அவை உயிர்பெறும். பலரும் அந்தப் பட்டனைப் படிக்காமலேயே அழுத்திவிடுகிறார்கள். அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பது நல்லது, ஏனெனில் அப்ஸ்ட்ரீமின் கோப்புகளில் பாதி நமக்குத் தேவையே இல்லாதவையாக இருக்கும்: ஆவணத் தளத்தை வெளியிடுவது, பழைய இஷ்யூக்களை மூடுவது, கன்டெய்னர் இமேஜைப் பதிவேற்றுவது போன்றவை. சீக்ரெட்டுகள் (ரெப்போ அமைப்பில் மறைத்து வைக்கும் கடவுச்சொல், சாவி போன்றவை) ஃபோர்க்குக்கு வருவதில்லை என்பதால் இவற்றில் பல சிவப்புக் குறியோடு தோற்றுக்கொண்டே இருக்கும். நாளடைவில் சிவப்புக்குக் கண் பழகிவிட்டால், உண்மையான பில்ட் உடைந்ததும் கவனத்துக்கு வராமல் போகும்.

வேண்டாத வொர்க்ஃப்ளோக்களின் கோப்புகளை அழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழித்த கோப்பை அப்ஸ்ட்ரீம் அடுத்த வாரம் திருத்தினால் மெர்ஜ் செய்யும்போது, அதாவது அந்த மாற்றங்களை நம்முடையவற்றோடு இணைக்கும்போது, முரண்பாடு எழும், அது ஒவ்வொரு முறையும் தொடரும். அதற்குப் பதிலாக ஆக்ஷன்ஸ் பக்கத்திலேயே அந்த வொர்க்ஃப்ளோவை டிசேபிள் செய்துவிடலாம். அந்த நிலை கோப்பில் எழுதப்படுவதில்லை என்பதால் கிட் வரலாறு தொடப்படாமல் இருக்கும். நமக்கான பில்டைத் தனிப் பெயர் கொண்ட புதிய கோப்பில் எழுதிக்கொண்டால் அங்கும் மோதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அப்ஸ்ட்ரீம் புதிதாகச் சேர்க்கும் வொர்க்ஃப்ளோ, மெர்ஜ் ஆனதும் நம் ரெப்போவில் இயங்கத் தயாராக நிற்கும். ஆகவே மெர்ஜுக்கு முன் வொர்க்ஃப்ளோ கோப்புறையில் என்ன மாறியிருக்கிறது என்று தனியாக ஒரு டிஃப் (வேறுபாடுகளின் பட்டியல்) பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பிராஞ்ச் (நிரலின் கிளை) அமைப்பிலும் சற்று யோசனை தேவை. அப்ஸ்ட்ரீமின் மெயின் பிராஞ்சை மாற்றமில்லாத பிரதியாக வைத்து, நம் திருத்தங்களை வேறொரு பிராஞ்சில் வைப்பதே என் வழக்கம். ஃபோர்க்கை அப்ஸ்ட்ரீமோடு சிங்க் செய்யும் பட்டன், முரண்பாடு வந்தால் நம் கமிட்டுகளைக் கைவிடும் வாய்ப்பையும் காட்டும். திருத்தங்கள் அந்தப் பிராஞ்சில் இல்லையென்றால் அதைப் பற்றிய கவலையே இல்லை. ஆனால் கால அட்டவணைப்படி ஓடும் வொர்க்ஃப்ளோக்கள் டிஃபால்ட் பிராஞ்சில் மட்டுமே இயங்கும், கையால் தொடங்கும் வொர்க்ஃப்ளோவின் கோப்பும் டிஃபால்ட் பிராஞ்சில் இருந்தாக வேண்டும். எனவே நம் பிராஞ்சையே டிஃபால்டாக மாற்றிவிட வேண்டும். பொது ரெப்போவில் 60 நாட்கள் எந்த அசைவும் இல்லாவிட்டால் அட்டவணை வொர்க்ஃப்ளோக்கள் தாமாக நிறுத்தப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அமைதியான ஃபோர்க்குகளில் இரவு பில்டுகள் நின்றுபோவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

அதிகம் குழப்பம் விளைவிப்பது வெர்ஷன் எண். பல திட்டங்கள் கிட் டிஸ்கிரைப் கட்டளையின் விடையையே வெர்ஷனாகப் பயன்படுத்துகின்றன: அருகிலுள்ள டேக் (ஒரு கமிட்டுக்கு இட்ட வெர்ஷன் பெயர்), அதற்குப் பின் எத்தனை கமிட்டுகள், கமிட்டின் சுருக்கக் குறியீடு. சிங்க் பட்டன் பிராஞ்சைப் புதுப்பிக்குமே தவிர, அப்ஸ்ட்ரீமின் புதிய டேக்குகளைக் கொண்டுவராது. விளைவாக, நிரல் 2.5.0-க்கு உரியதாக இருக்கும், பைனரியோ தன்னை 2.3.0-க்குப் பின் 140 கமிட்டுகள் என்று அறிவித்துக்கொள்ளும். இன்னொரு படி: நிரலை இறக்கும் செக்அவுட் ஆக்ஷன் (வொர்க்ஃப்ளோவில் சேர்க்கும் ஆயத்தப் படி) இயல்பாக ஒரே ஒரு கமிட்டை மட்டுமே இறக்கும், எனவே ரன்னரில் (வொர்க்ஃப்ளோ ஓடும் கணினி) டேக்குகளே இருக்காது. ஃபெட்ச் டெப்த்தை 0 என்று அமைத்து முழு வரலாற்றையும் இறக்க வேண்டும். டேக்குகளை நம் கணினியில் அப்ஸ்ட்ரீமிலிருந்து எடுத்து ஃபோர்க்குக்குப் புஷ் செய்ய வேண்டும். புஷ் செய்யும் முன், டேக் வந்தால் வெளியீட்டைத் தொடங்கும் அப்ஸ்ட்ரீம் வொர்க்ஃப்ளோ அணைந்திருக்கிறதா என்று பார்க்கவும். இவற்றுக்கு மேல், வெர்ஷனின் கடைசியில் ஃபோர்க்கின் பெயரை ஒட்டுவது அவசியம் என்று கருதுகிறேன். நம் திருத்தத்தால் வந்த பிழையை ஒருவர் அப்ஸ்ட்ரீமில் புகாராக எழுதினால், அங்கே சம்பளமின்றி உழைப்பவர்களின் மாலை நேரம் வீணாகிறது. தானாகப் புதுப்பிக்கும் வசதியும், செயலிழப்பு அறிக்கை அனுப்பும் முகவரியும் இன்னும் அப்ஸ்ட்ரீமையே சுட்டிக்கொண்டிருந்தால் அவற்றையும் மாற்றியாக வேண்டும்; இல்லையேல் நம் பைனரி முதல் புதுப்பிப்பிலேயே அப்ஸ்ட்ரீமின் பைனரியாக மாறிவிடும்.

ஆர்டிஃபாக்ட் என்பது தற்காலிகச் சேமிப்பு. இயல்பாக 90 நாட்களில் காலாவதியாகும், பொது ரெப்போவில் அதற்கு மேல் நீட்டவும் முடியாது. தரவிறக்க கிட்ஹப் கணக்கோடு உள்நுழைந்திருக்கவும் வேண்டும். பயனர்களுக்கு உரியது ரிலீஸ் பக்கமே. சோதனை பில்டுகளுக்கு மட்டும் ஆர்டிஃபாக்டைப் பயன்படுத்தி, தக்கவைக்கும் காலத்தை ஒரு வாரமாகக் குறைத்துவிடலாம். லினக்ஸ் பைனரியை நேரடியாக ஏற்றினால் கோப்பின் இயக்க அனுமதி காணாமல் போகும். டார் கோப்பாகக் கட்டி ஏற்றினால் அது அப்படியே இருக்கும். அப்லோட் ஆக்ஷனின் 4-ஆம் பதிப்பில், வொர்க்ஃப்ளோவின் ஒரே ஓட்டத்தில் இரண்டு ஜாப்கள் (வேலைகள்) ஒரே பெயரில் ஆர்டிஃபாக்ட் ஏற்ற முடியாது. இயங்குதளமும் கமிட் குறியீடும் பெயரிலேயே இருந்தால் இந்தச் சிக்கலும் தீரும், கோப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும்.

ஆண்ட்ராய்டு செயலிகளில் கையொப்பம் தனிப் பிரச்சினை. ரன்னர் ஒவ்வொரு முறையும் புத்தம் புதிய கணினி என்பதால், டீபக் (சோதனை) பில்டுக்கான கையொப்பச் சாவியும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். நேற்றைய ஏபிகேயின் (செயலியின் நிறுவல் கோப்பு) மேல் இன்றையதை நிறுவ முயன்றால் கையொப்பம் பொருந்தவில்லை என்று கைபேசி மறுத்துவிடும். நமக்கென ஒரு சாவியை உருவாக்கி, பேஸ்64 என்ற எழுத்து வடிவில் சீக்ரெட்டாக வைக்க வேண்டும். சீக்ரெட்டை ஒருமுறை இட்டபின் அமைப்புப் பக்கத்தில் திரும்பப் படிக்க முடியாது என்பதால், சாவியின் நகல் வேறிடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். அப்ளிகேஷன் ஐடியையும் (கைபேசி செயலியை அடையாளம் காணும் பெயர்) மாற்றினால் மூலச் செயலியும் நம்முடையதும் ஒரே கைபேசியில் அருகருகே இருக்கும்.

சீக்ரெட் வந்த பிறகு பாதுகாப்பும் நம் பொறுப்பாகிறது. 2025 மார்ச்சில், ஆயிரக்கணக்கான ரெப்போக்கள் பயன்படுத்திவந்த டிஜே-ஆக்ஷன்ஸின் சேஞ்ட்-ஃபைல்ஸ் ஆக்ஷன் தாக்கப்பட்டது. அதன் வெர்ஷன் டேக்குகள் தீங்கான கமிட் ஒன்றைச் சுட்டும்படி மாற்றப்பட்டு, ரன்னரின் நினைவகத்திலிருந்த சீக்ரெட்டுகள் லாகில் (ஓட்டப் பதிவு) அச்சாகின. டேக்கை நம்பியவர்கள் அனைவரும் ஆபத்துக்கு உள்ளானார்கள். முழு 40 எழுத்துக் கமிட் குறியீட்டோடு பழைய, நல்ல கமிட்டைப் பூட்டி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். சாவியைத் தொடும் வொர்க்ஃப்ளோவில் வெளி ஆக்ஷன்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பிறர் மாற்றங்களை முன்வைக்கும்போது எழும் புல் ரெக்வெஸ்ட் டார்கெட் என்ற நிகழ்வில் ஓடும் வொர்க்ஃப்ளோவுக்கு சீக்ரெட்டுகள் கிடைக்கும் என்பதால், அதற்குள் வெளியார் அனுப்பிய நிரலை இறக்கி பில்ட் செய்வது கூடவே கூடாது.

நம் திருத்தங்களை அப்ஸ்ட்ரீம் ஏற்றுக்கொள்ளும் நாளுக்கும் ஒரு திட்டம் தேவை. கடைசி ரிலீஸின் குறிப்பில் எந்த வெர்ஷன் முதல் அப்ஸ்ட்ரீமுக்கே மாறிக்கொள்ளலாம் என்று எழுத வேண்டும். அப்ளிகேஷன் ஐடி வேறு என்பதால் தரவை ஏற்றுமதி செய்து எடுத்துச் செல்லும் முறையையும் படிப்படியாக விளக்க வேண்டும். அதன்பின் ரெப்போவை ஆர்க்கைவ் செய்துவிட்டால் (படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு மாற்றிவிட்டால்), வெளியிட்ட பைனரிகள் தரவிறக்கத்துக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும், புதிய பில்டுகள் நின்றுவிடும்.