ஜாமீன் கையெழுத்து எதுவரைக்கும்?

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஜாமீன் கொடுக்க வந்தவர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் வீட்டு வரி ரசீது, ஆதார் நகல், போட்டோ. வக்கீல் குமாஸ்தாவிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவுங்க கட்டணும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை நாளைக்குங்க கட்டுப்படணும்?" என்பது. அதைக் கேட்பவர்கள் குறைவு.

ஜாமீன்தாரர் என்பவர், குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வருவார் என்று பிணை நிற்பவர். கையெழுத்துப் போடும் அன்று அவர் பணம் எதுவும் கட்டுவதில்லை. "பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையும், தலா அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும்" என்று உத்தரவு வந்தால் அதில் மூன்று தனித்தனி வாக்குகள் இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவர் தன் பத்தாயிரத்துக்குப் பொறுப்பு. ஜாமீன்தாரர் ஒவ்வொருவரும் அவரவர் பத்தாயிரத்துக்குப் பொறுப்பு. "ஆளுக்குப் பாதி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் இதற்கென்றே கம்பெனிகள் உண்டு. பெரும்பாலும் பிணைத்தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு அவர்களே பிணை நிற்பார்கள். நம் ஊரில் அப்படி ஒரு தொழிலுக்கு இடமில்லை. "ஆள் ஓடிட்டா உன் பணத்தை நான் தர்றேன்" என்று ஜாமீன்தாரருக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது. பிணை நிற்பவருக்குச் சொந்த நஷ்டம் வரும் என்ற பயம் இருந்தால்தான் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார் என்பது சட்டத்தின் கணக்கு. ஆகவே இங்கே கையெழுத்துப் போடுபவர் மாமாவாக இருப்பார், பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் முதலாளியாக இருப்பார். நம்மேல் உள்ள நம்பிக்கையில்தான் வருகிறார்கள். அதனால்தான் விவரத்தை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காகிதங்களில் பெரும்பாலும் சிக்குவது பெயர்தான். ஆதாரில் ஒரு இனிஷியல், வரி ரசீதில் வேறு இனிஷியல். வீடு இவருடையது, ரசீது இறந்துபோன அப்பா பெயரில். ஏற்காடு மலைக் கிராமங்களில் இது இன்னும் கடினம். நிலம் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருக்கும். தன் பங்கு எது என்று காட்ட ஒரு தாள் இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவரை, "தாசில்தார் கிட்ட சொத்து மதிப்புச் சான்று வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் அவருக்கு அன்றைய கூலியும் போச்சு, உள்ளே இருப்பவருக்கு இன்னும் சில நாள் சிறையும் ஆச்சு. அதனால் உத்தரவு வருவதற்கு முன்பே நகல்களை வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. அசல்களையும் கூடவே கொண்டுவர வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுகளில் வழக்கமாக இன்னொரு வரியும் இருக்கும்: ஜாமீன்தாரர் பிணைப்பத்திரத்தில் போட்டோ ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், அடையாளத்துக்கு ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புத்தக நகல். சில உத்தரவுகளில், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றும் வரும். உத்தரவை முழுக்கப் படிக்காமல் ஆளைக் கூட்டி வந்தால் அலைச்சல்தான் மிச்சம்.

இதற்கு முன் யார் யாருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதையும் ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 486ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. மறைத்தால் வம்பு ஜாமீன்தாரர் தலையில் விழும். இன்னும் மோசம், காசு கொடுத்துப் பிடிக்கும் ஆளும் அவர் கொண்டுவரும் போலி வரி ரசீதும். அது தெரிந்துபோனால் ஜாமீன் ரத்தாகும், புது வழக்கும் வரும்.

பிணைப்பத்திரம் ஏற்கப்பட்டதும் விடுதலை உத்தரவு சிறைக்குப் போகும். மாலையில் சிறை பூட்டிய பிறகு அது போய்ச் சேர்ந்தால், ஆள் வெளியே வருவது மறுநாள்தான். வேறு வழக்கில் வாரண்ட் இருந்தாலும் விட மாட்டார்கள். இந்த இரண்டையும் குடும்பத்திடம் முன்பே சொல்லிவிட்டால் சிறை வாசலில் ராத்திரி வரை காத்துக் கிடக்க மாட்டார்கள்.

ஆள் வெளியே வந்ததும் ஜாமீன்தாரர் தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார். உண்மையில் அவர் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. காவல் நிலையத்தில் காலை பத்தரை மணிக்குப் போடும் கண்டிஷன் கையெழுத்து சில வாரங்களில் தளர்ந்துவிடலாம். வாய்தா வருடக்கணக்கில் நீளும். திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனவர் ஒரு வாய்தாவை மறந்தால் பிடியாணை பிறக்கும், பிணை பறிமுதலாகும். பிறகு அதே சட்டத்தின் 491ஆம் பிரிவில் ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும்: தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று காரணம் சொல்லுங்கள். இந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் ஜாமீன்தாரர்கள் செய்யும் பெரிய தவறு. பதில் இல்லாவிட்டால் அபராதம் போல வசூலிக்க உத்தரவாகும். வசூலாகவில்லை என்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறை. நேரில் போய், ஆளையும் கூட்டிப் போய் நிறுத்தி, மருத்துவச் சீட்டு போன்ற ஆதாரம் காட்டினால், காரணத்தைப் பதிவு செய்து தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கிறது.

ஆகவே கையெழுத்துப் போடும் அன்றே வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், அடுத்த வாய்தா தேதி மூன்றையும் ஜாமீன்தாரர் தன் கைப்பட எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் ஒரு போன். அந்த ஆளின் எண் மாறினால் உடனே தெரிய வேண்டும். நடத்தை சரியில்லை, ஊரை விட்டுப் போகப் பார்க்கிறார் என்று தெரிந்தால், ஓடும் வரை காத்திருக்க வேண்டாம். 489ஆம் பிரிவில் விலக மனு போடலாம். நீதிமன்றம் அவரை அழைத்து வர வாரண்ட் அனுப்பி, வந்ததும் உங்களை விடுவித்து, வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவரச் சொல்லும். இதைத் துரோகம் என்று உறவினர்கள் சொல்வார்கள். சட்டமே கொடுத்த உரிமை அது.

ஜாமீன் நிற்க உள்ளூரில் ஆள் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 1978இல், வேறு மாவட்டத்தில் சொத்து உள்ள சகோதரரின் ஜாமீனை ஏற்க மறுத்ததால் உள்ளேயே கிடந்த ஒரு கொத்தனார் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அப்படி மறுப்பது தவறு என்று தீர்ப்பளித்து, அவரை ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். உள்ளூர் ஜாமீன்தாரரைத்தான் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றமே தானாக யோசிக்கலாம் என்றும் சொன்னது. நாமக்கல்லிலோ தருமபுரியிலோ அண்ணன் இருந்தால் அவர் காகிதங்களோடு இந்தத் தீர்ப்புகளையும் சேர்த்துக் காட்டுங்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக (ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் குற்றமாக) இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியவில்லை என்றால், அவரை வசதியற்றவராகவே கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும். இதற்கு மனு எழுத, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் வக்கீல் கிடைப்பார்.

விசாரணை முடியும் கட்டத்தில் இன்னொரு பத்திரம் நீட்டப்படும். மேல்முறையீடு வந்தால் உயர்ந்த நீதிமன்றத்தில் ஆஜராவதற்கான பிணை அது; ஆறு மாதம் அமலில் இருக்கும். பழைய கையெழுத்தின் தொடர்ச்சி என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதி வரை என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.